பெரியசாமி மகன் சின்னத்தம்பி, ஓட்டு வீடு

1

நான் நியூசிலாந்துக்கு வந்து பதினைந்து வருடம் நிறைந்த அன்று, அதை நினைவில் வைத்துக் கடிதம் போட்டது இந்த ஊர் நகர சபை மட்டும்தான். நினைவில் வைத்து என்பது என் கற்பனை. வீட்டு வரியின் நான்காம் தவணை, கட்டவேண்டிய கடைசி நாள், தவறினால் பத்து சதவீதம் அபராதம், இவ்வளவுதான் கடிதத்தில் இருந்தது. ஆனால் உறையின் மேல் ராசேந்திரன் என்று என் பெயரைப் பிழையில்லாமல் அச்சடித்திருந்தார்கள். நான் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்க்கும் பால்பவுடர் ஆலையில் இத்தனை வருடமாக ஒருத்தரும் செய்யாத காரியம் அது. அங்கே நான் ராஜ். யார் எந்த மூலையிலிருந்து ராஜ் என்று கத்தினாலும் டெஸ்டரும் கையுமாகப் போய் நிற்பேன்.

கடிதத்தோடு ஒரு வண்ணத்தாளும் வந்திருந்தது. அதில் ஒரு வட்டம், பிறந்தநாள் கேக்கை வெட்டியதுபோலத் துண்டு துண்டாக. நான் கட்டும் ஒவ்வொரு நூறு டாலரிலும் சாலைக்கு இவ்வளவு, குடிநீருக்கு இவ்வளவு, நூலகத்துக்கு இவ்வளவு, நாய் பிடிக்கிறவருக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தது. எனக்கு நாயும் இல்லை, நூலகம் பக்கம் போகிற வழக்கமும் இல்லை. இருந்தாலும் அந்த வட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. ஏதோ நானே வெட்டிப் பங்கு வைத்த மாதிரி.

கடைசி நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அன்றைக்கே கட்டிவிட்டேன். எப்போதும் அப்படித்தான். அபராதம் என்ற சொல்லைப் பார்த்தாலே என் கை தானாகப் பர்சுக்குப் போய்விடும். "மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டதையே நாலு வருசம் இழுத்தடிக்கிற மனுசன், இவங்களுக்குன்னா மட்டும் முந்திக்கிட்டுக் கட்டுறீங்க" என்றாள் என் மனைவி கலா. மாரியாத்தாள் பத்து சதவீதம் போடுவதில்லை என்று நான் சொன்னேன். சொன்ன பிறகு கொஞ்சம் பயமாக இருந்தது, கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வழக்கம்போல ஊரைப் பார்த்தேன். ஊரைப் பார்ப்பது என்றால், ஆண்டிமடம் பக்கத்துக் கிராமத்தில் நான் கட்டிப் பூட்டி வைத்திருக்கும் மாடி வீட்டின் கேமராவைச் செல்போனில் திறப்பது. எனக்கு மதியம் ஒரு மணி என்றால் அங்கே காலை ஆறரை. திருடன் வந்தால் தெரியவேண்டும் என்று வைத்த கேமரா. பத்து வருடத்தில் ஒரு திருடனும் எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே எடுத்துப்போக ஒன்றுமில்லை என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மூன்று வாரமாக அதில் ஒரே காட்சி. எங்கள் கீழத்தெருப் பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு என் கேட்டுக்கு முன்னால் நடந்து போகிறார்கள். அரைமணி நேரம் கழித்துச் சுமந்துகொண்டு திரும்புகிறார்கள். தெருவின் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோய்விட்டது. சித்திரை வெயிலில் தெருவே வயல்காட்டு மோட்டாருக்கு நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு என் சித்தி, அம்மாவின் தங்கை, எழுபதை நெருங்குகிறவர், இடுப்பில் குடத்தோடு சரியாக என் கேட்டின் எதிரில் நின்றார். மூச்சு வாங்கினார். ஒரு கையால் என் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

எனக்கு வந்ததே கோபம். எலெக்ட்ரீஷியனுக்கு எரிந்த மோட்டார் மூன்று வாரம் கிடப்பதைத் தாங்க முடியாது. இங்கே ஆலையில் ஒரு மோட்டார் நின்றால் மூன்று நிமிடத்தில் நான்கு பேர் என் தலைமேல் நிற்பார்கள். சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, செல்போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் பதிவு போட்டேன்.

2

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கத்துவது ஒரு குளத்துக்குத்தான் கேட்கும். என் பதிவு திருப்பூர், சிங்கப்பூர், துபாய் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஏழு நிமிடம் பேசியிருக்கிறேன். இங்கே நகர சபை ஒவ்வொரு டாலருக்கும் எப்படிக் கணக்குக் காட்டுகிறது, வருடா வருடம் செலவுத் திட்டத்தை வீட்டுக்கு வீடு அனுப்பி எப்படிக் கருத்துக் கேட்கிறது என்றெல்லாம் விளக்கினேன். அந்த வண்ண வட்டத்தைப் படம் எடுத்துப் போட்டேன். கடைசியில், "நம்ம ஊராட்சிக்கு வர்ற பணமெல்லாம் எங்க போவுது? எரிஞ்ச மோட்டாருக்குக் கம்பி சுத்திக் காயில் கட்ட மூணு வாரமா? கணக்கைக் காட்டச் சொல்லுங்க" என்று முடித்தேன். துபாயிலிருந்து எட்டுப் பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

எங்கள் ஊராட்சித் தலைவர் தமிழரசி, அந்தச் சித்தியின் மகள்தான். எனக்குத் தங்கச்சி. பத்தாவது வரைக்கும் படித்துவிட்டு முந்திரி உடைக்கப் போனவள், அப்புறம் மகளிர் குழுவில் கணக்கு எழுதினாள், பெண்களுக்கு ஒதுக்கிய முறை வந்தபோது நின்று ஜெயித்தாள். அவள் ஜெயித்தபோது நான்தான் குழுவில் முதல் ஆளாகப் பட்டாசுப் படம் போட்டேன். இன்னும் சில மாதத்தில் அவள் பதவிக்காலம் முடிகிறது. கீழத்தெருவில் ஜெயித்துவிட்டுக் கீழத்தெருவுக்கே தண்ணீர் விடமுடியவில்லை என்று அவளை ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. நான் அதை ஏழு நிமிடத்தில், வெளிநாட்டிலிருந்து, படத்தோடு கேட்டேன்.

தனியாகவும் அவளுக்கு ஒரு பதிவு அனுப்பினேன். அதில் என் குரல் வேறு, தருமபிரபு குரல். புது மோட்டாரே நான் வாங்கித் தருகிறேன், தொட்டிக்கும் பெயிண்ட் அடித்துத் தருகிறேன், பதிலுக்கு ஒன்றும் வேண்டாம், தொட்டியில் பெரிய எழுத்தில் அப்பா பெயரை எழுதினால் போதும் என்றேன்.

பதில் சாயங்காலம் வந்தது. "அண்ணே, நீ மோட்டாரு வாங்கிக் குடுத்துட்டுப் பெரியப்பா பேர எழுதச் சொல்ற. சரி. அடுத்த வருசம் திரும்ப எரிஞ்சா யாரு பேர எழுதறது? மே ஒண்ணாந்தேதி கிராம சபை இருக்கு. கணக்கு அங்க வாசிப்போம். வீடியோ அனுப்புறேன், பாரு."

நன்றிகூடச் சொல்லவில்லையே என்று எனக்கு வருத்தம்.

3

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரியசாமி மகன் சின்னத்தம்பி. அடுத்தவர் முந்திரிக்கொல்லையில் கூலிக்குப் போனவர். எங்கள் வீடு ஓட்டு வீடு, அதுவும் புறம்போக்கில். பட்டா கிடையாது.

எங்கள் ஊரில் வீட்டு வரிக்கு ஒரு வழக்கம் உண்டு. ரசீது தேவைப்பட்டால்தான் கட்டுவோம். கரண்ட் இணைப்புக்கு, கடனுக்கு, பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்க என்று எவராவது ரசீது கேட்கும்போது கிளார்க்கைத் தேடிப்போய், அந்த வருடத்துக்கு மட்டும் கட்டி, சீட்டை வாங்கிக்கொண்டு வருவோம். ரசீதை யாரும் கேட்காத வருடத்தில் வரி என்ற ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது. மேலத்தெருவிலும் இதுதான், கீழத்தெருவிலும் இதுதான். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் ஊரில் பேதமே கிடையாது.

அப்பா மட்டும் வருடா வருடம் கட்டுவார். முந்திரி முடிந்து கூலி கைக்கு வந்த வாரமே ஊராட்சி ஆபீஸ் வாசலில் நிற்பார். ரசீதை நான்காக மடித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் வைப்பார். எதற்கு இந்த வெட்டிச்செலவு என்று நான் ஒருமுறை கேட்டேன். அப்போது ஐ.டி.ஐ. படிக்கப் பெரம்பலூருக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்த காலம், உலகமே எனக்குத் தெரியும். அப்பா சொன்னார்: "இந்தச் சீட்டு கையில இருக்கிற வரைக்கும் நம்மள எவனும் எடத்த விட்டு எழும்பச் சொல்ல முடியாதுடா."

அந்த டப்பாவின் அருமை எனக்கு விசா வாங்கும்போது தெரிந்தது. எங்கள் மாவட்டத்தின் கதை உங்களுக்குத் தெரியும். நான் பிறந்தது திருச்சி மாவட்டம். பள்ளிக்கூடம் போகும்போது பெரம்பலூர் மாவட்டம். அப்புறம் அரியலூரைத் தனியாகப் பிரித்தார்கள். ஒரு மாவட்டத்துக்கு ஆகிற செலவு கட்டுப்படியாகவில்லை என்றோ என்னவோ, திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். பிறகு மறுபடியும் பிரித்தார்கள். சண்டை போட்டுக் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடி போகிற மருமகள்போல. என் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாவட்டம், பள்ளிச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று. இத்தனை ஊர் ஏன் மாறினீர்கள் என்று விசா அலுவலகத்திலிருந்து எழுதிக் கேட்டார்கள். மாறவே இல்லை, வாசல்படியைக்கூட மாற்றி வைக்கவில்லை என்று நான் எழுதியதை அவர்கள் நம்பவில்லை.

அப்பா டப்பாவைத் திறந்தார். ரசீதுகளை வருட வரிசையில் பாயில் பரப்பினார். ரப்பர் ஸ்டாம்பில் மாவட்டத்தின் பெயர் மாறி மாறி வந்தது. மேலே எழுதியிருந்த பெயரும் கதவு எண்ணும் மாறவில்லை. அவற்றை நகலெடுத்து அனுப்பிய பிறகுதான் விசா வந்தது. பின்னால் அரசாங்கம் அந்த இடத்துக்குப் பட்டா கொடுத்தபோதும் அதே ரசீதுகளைத்தான் காட்டினார்.

நான் வந்த நான்காம் வருடம் அப்பா போய்விட்டார். அம்மா அதற்கு முன்பே போயிருந்தார். அடுத்த வருடம் அந்தப் பட்டா நிலத்தில், ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, இரண்டு தளத்தில் வீடு கட்டினேன். சுற்றுச்சுவருக்குள் போர் போட்டு ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டாரும் இறக்கினேன். கரண்ட் இணைப்புக்கு வீட்டு வரி ரசீது கேட்டார்கள். அப்பா கடைசியாகக் கட்டிய ரசீது டப்பாவில் இருந்தது. அதைக் காட்டி வாங்கிவிட்டோம்.

4

கிராம சபை வீடியோ வந்தது. நூலகத்துக்கு முன்னால் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக். நான் கலாவையும் மகள் இனியாவையும் கூப்பிட்டு உட்காரவைத்து, செல்போனை டிவியோடு இணைத்தேன். நான் கேட்ட கேள்விக்கு ஊரே பதில் சொல்லப்போவதைக் குடும்பமும் பார்க்கட்டும் என்ற ஆசை.

தமிழரசி எழுந்து மேசைமேல் மூன்று குடங்களை வைத்தாள். அண்ணன் வெளிநாட்டிலிருந்து வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார், நம்மிடம் வட்டம் இல்லை, குடம்தான் இருக்கிறது என்றாள். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

முதல் குடம் மாநில அரசு மாதாமாதம் தரும் மானியம். அதில் தெருவிளக்குக்கும் தண்ணீருக்கும் ஆகிற கரண்ட் பில்லும், தொட்டி ஆப்பரேட்டர், துப்புரவு ஆட்கள் சம்பளமும் போனால் அடியில் கொஞ்சம் நிற்கும் என்றாள். இரண்டாவது குடத்துக்கு ஒரு மூடி போட்டிருந்தாள். அது மத்திய நிதிக்குழுப் பணம். எந்த வேலைக்கு என்று முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்கினோமோ அந்த வேலைக்கு மட்டும்தான் மூடி திறக்கும். சென்ற வருடம் திட்டம் எழுதும்போது இந்தக் கோடையில் மோட்டார் எரியும் என்று யாருக்கும் ஜோசியம் தெரியாது. அதைத் திறக்கலாமா என்று யூனியன் ஆபீசுக்கு எழுதிக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. அதோடு, சிமெண்ட் ஆலை இருக்கிற ஊராட்சிக்கு ஆலையே வரி கட்டிவிடும். நமக்கு ஆலை இல்லை, ஆலைக்குப் போகிற லாரி மட்டும்தான் வருகிறது என்றாள்.

மூன்றாவது குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒன்றும் விழவில்லை. "இதுதான் நம்ம சொந்தப் பணம். வீட்டு வரி. யாரையும் கேக்காம, எந்த ஆபீசுக்கும் எழுதாம, மோட்டாரு எரிஞ்ச அன்னிக்கே எடுத்துச் செலவு பண்ணலாம். இருந்தா."

அந்தப் பெண் பத்தாவதுதான் படித்தாள் என்று சொன்னேன். நான் பதினைந்து வருடமாகக் கட்டுகிற வரியை எனக்குப் புரியவைக்க அந்த வண்ண வட்டத்தால் முடியவில்லை. குடத்தைக் கவிழ்த்ததும் புரிந்துவிட்டது.

அடுத்து ஊராட்சிச் செயலர் கொளஞ்சி எழுந்தார். அவரை எல்லாரும் கிளார்க் என்றுதான் சொல்லுவோம். பாக்கிப் பட்டியலை வாசிப்பதாகச் சொல்லி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அதிக வருடப் பாக்கி முதலில்.

"பெரியசாமி மகன் சின்னத்தம்பி. ஓட்டு வீடு. வருசத்துக்கு அறுபத்தாறு ரூவா. பதினோரு வருசம் பாக்கி. எழுநூத்து இருபத்தாறு."

பின்வரிசையில் ஒருத்தர், சின்னத்தம்பி செத்தே பதினோரு வருசம் ஆயிடுச்சேப்பா என்றார். இன்னொருத்தர், ஓட்டு வூட்டு மாடியிலதான் கேமரா சுத்துதா என்றார். சாமியானாவே அதிர்ந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சித்தி மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

என் பெயரை வாசித்திருந்தால் நானும் சிரித்துத் தொலைத்திருப்பேன். என் பெயர் அந்தப் பதிவேட்டில் இல்லவே இல்லை. வீடு கட்டியபோது அளந்து புது வரி போட அப்போதிருந்த கிளார்க் வந்தாராம். பெரம்பலூரில் இருக்கும் என் மச்சான், கலாவின் அண்ணன், அவருக்கு ஒரு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து, பழைய பெயரிலேயே, ஓட்டு வீடாகவே இருக்கட்டும் என்று பேசி முடித்துவிட்டார். அதை எனக்குப் போனில் சொன்னபோது, கில்லாடி மச்சான் நீங்க என்று நான் பாராட்டினேன். அந்தப் பாராட்டுக்குப் பத்து வருடம் கழித்து அப்பாவை மைக்கில் பாக்கிக்காரராக நிற்க வைத்தேன். ஒரு வருடம்கூடப் பாக்கி வைக்காத மனுசனை. எனக்கு அழுகை வந்தது. மகள் எதிரில் அழக்கூடாது என்று டிவியை அணைக்கப் போனேன். அவசரத்தில் சத்தம்தான் கூடியது.

கலா மெதுவாகக் கேட்டாள். "கணக்குக் கேட்டீங்களே, நம்ம காம்பவுண்டுக்குள்ளயே போர் இருக்குல்ல? சித்தி நம்ம கேட்டப் புடிச்சிக்கிட்டு நிக்கறதப் பார்த்தீங்க. சாவியக் குடுக்கணும்னு தோணலையா?"

தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. மூன்று வாரம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

5

இதற்கிடையில் இங்கே நான் இன்னொரு வம்பை விலைக்கு வாங்கி வைத்திருந்தேன். எங்கள் நகர சபை அடுத்த வருடச் செலவுத் திட்டத்தை அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தது. வரியை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் நீச்சல் குளத்தைக் குளிர்காலம் முழுவதும் மூட வேண்டும். நேரில் வந்து ஐந்து நிமிடம் பேச விரும்புகிறவர்கள் பதிவு செய்யலாம் என்றிருந்தது. வரி ஏற்றத்தை எதிர்த்துப் பேசப் பதிவு செய்தேன். அதே குளத்தில் நீந்துகிற என் பதினாறு வயது மகள், வரியை ஏற்று, குளத்தை மூடாதே என்று பேசத் தனியாகப் பதிவு செய்திருக்கிறாள். இது பட்டியல் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நான் பதினான்காவது ஆள், அவள் பதினைந்தாவது. ஒரே வீட்டு விலாசம்.

என் ஆங்கிலப் பேச்சை அவள்தான் திருத்திக் கொடுத்தாள். எதிர்க்கட்சி எழுதிக் கொடுத்த உரையோடு மேடையேறிய ஆள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

வீடியோ பார்த்த அடுத்த வாரம் அந்தக் கூட்டம். நீளமேசைக்குப் பின்னால் உறுப்பினர்கள், நடுவில் தலைவியம்மா, அவர் கையருகே ஒரு சின்ன மணி. என் பெயரைச் சரியாக உச்சரித்தார்கள். அதுவே என்னை நிலைகுலைய வைத்தது. தாளைப் பிரித்தேன். 'கண்ணியமாக வரி கட்டும் ஒரு குடிமகன் என்ற முறையில்' என்று முதல் வரி. மகள் அதில் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. அந்த வரியைப் படிக்க வாயைத் திறந்தேன். சித்தி தலை குனிந்ததுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

தாளை மடித்தேன். என் எதிர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். தலைவியம்மா ஏன் என்று கேட்டார். என் சொந்த ஊரில் பதினோரு வருடமாக வரி பாக்கி வைத்திருக்கிறேன், அதைக் கட்டிய பிறகு வந்து பேசுகிறேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு தலைவியம்மா, உங்களுக்கு இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது என்றார். வேண்டாம் என்றேன். இனியா ஐந்து நிமிடத்தையும் வட்டியோடு பயன்படுத்திக்கொண்டாள். மணி அடித்த பிறகும் பேசினாள்.

காரில் வரும்போது, தாத்தாவின் பாக்கி எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"ஃபோர்ட்டீன் டாலர்ஸ்தானா? அதுக்காப்பா தாத்தா பேர மைக்ல படிச்சாங்க?"

நினைவு தெரிந்து அவள் தாத்தாவைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, மூன்று வயதில். அவரைப் பற்றி அவளாக எதுவும் கேட்டதே கிடையாது. முதல்முதலாகக் கேட்ட கேள்வி இதுதான்.

6

பெரம்பலூரில் மச்சானிடம் இருந்த சாவியை வரவழைக்க மூன்று நாள் ஆனது. வேட்டி சட்டை விவகாரத்தை இப்போது குறை சொன்னதில் அவருக்கு என்மேல் வருத்தம். கேட் திறந்தது. வீட்டு மோட்டாரிலிருந்து வாசலுக்கு ஒரு பைப் இழுத்தார்கள். மறுநாள் மதியம் கேமராவில் பார்த்தபோது, பெண்கள் என் கேட்டோடு நின்றுவிட்டார்கள், அதைத் தாண்டிப் போகவில்லை. சித்தி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

தமிழரசிக்குப் போன் செய்தேன். ஏழு நிமிடப் பதிவுக்கு மன்னிப்புக் கேட்க ஏழு நொடிகூட ஆகவில்லை. அவள் நீட்டி முழக்கவில்லை. "பெரியப்பா பேர வாசிக்கறப்ப எனக்கும்தான் சங்கடமா இருந்திச்சு. எழுதியிருந்தத வாசிச்சாங்க. எழுதியிருக்கிறது நீ மாத்தாம விட்டு வச்ச பேருதானே அண்ணே." வீட்டை அளந்து, என் பெயருக்கு மாற்றி, சரியான வரியைப் போடு என்றேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று ஒரு பட்டியல் சொன்னாள். ஆன்லைனில் கட்டப் பார்த்தேன். அது மச்சானின் பழைய நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பியது, அந்த நம்பர் இப்போது ஜெயங்கொண்டத்தில் யாரோ ஒரு கோழிக்கடைக்காரரிடம் இருக்கிறது. அவர் நல்ல மனுசன். ரெண்டு தடவை ஓ.டி.பி.யைப் படித்துச் சொன்னார். அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

கொளஞ்சி டேப்போடு வந்து அளந்தது ஊர்த் திருவிழா மாதிரி நடந்தது. நான் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடியில் இருக்கும் சின்ன அறையைக் கணக்கில் சேர்க்கலாமா என்று அவர் யாரையோ கேட்டார். அந்தக் கேமராவில் பேசவும் வசதி உண்டு. "சேத்துக்குங்க" என்றேன். சுவரிலிருந்து வந்த குரலில் கொளஞ்சி டேப்பைக் கீழே போட்டுவிட்டார். தெருவே சிரித்தது. இந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை.

தெருத் தொட்டி மோட்டாரும் ஓடியது. என் எழுநூற்று இருபத்தாறு ரூபாயில் ஓடியது என்று பெருமை பேச ஆசைதான். எலெக்ட்ரீஷியன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் காசுக்குக் காயிலில் நாலு சுற்றுக்கூட வராது. கேமரா வைத்த வீட்டுக்காரனே கட்டிவிட்டான் என்று கேள்விப்பட்டு, அடுத்த கிராம சபையில் தங்கள் அப்பன் பேரும் மைக்கில் வந்துவிடும் என்று பயந்து, மேலத்தெருவும் கீழத்தெருவும் ரசீது தேவைப்படாமலே வரி கட்டின. மூன்றாவது குடத்தில் கொஞ்சம் விழுந்தது. யூனியன் ஆபீசிலிருந்து பதில் வருவதற்கு முன்பே காயில் கட்டிவிட்டார்கள். தொட்டியில் யார் பெயரும் எழுதவில்லை.

இதற்கெல்லாம் முன்னால், பெயர் மாற்றிய வாரம் தமிழரசி கூப்பிட்டாள். கொளஞ்சி பக்கத்தில் இருந்தார். "அண்ணே, உன் பேருக்கு மாத்தியாச்சு. கம்ப்யூட்டர்ல ஏத்துனாலும் பழைய பதிவேட்டுலயும் திருத்தணுமாம். பெரியப்பா பேர செவப்பு மையில அடிக்கணும்னு சொல்றாரு. அடிச்சிரட்டுமா?"

தொட்டியில் பெரிய எழுத்தில் எழுதச் சொன்ன பெயர். ஊரில் அவர் பெயர் எழுதியிருக்கிற ஒரே இடம் அந்தப் பதிவேடுதான்.

"நான் அனுப்புற காசுல மொதல்ல அப்பா பேருலயே பாக்கியக் கட்டி ரசீது போடு" என்றேன். "அப்புறமா அடிக்கச் சொல்லு."

இரண்டு ரசீதுகள் படமாக வந்தன. அவற்றை அச்சடித்து, நகர சபை அனுப்பிய வண்ண வட்டத்துக்குப் பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். முதல் ரசீதில், பெரியசாமி மகன் சின்னத்தம்பி, ஓட்டு வீடு, பாக்கி இல்லை. இனியா அதைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, தாத்தா க்ளியர் என்றாள்.

இரண்டாவது என்னுடையது. சின்னத்தம்பி மகன் ராசேந்திரன், மாடி வீடு, வருடத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். அதற்குக் கீழே கொளஞ்சி பேனாவால் எழுதியிருந்தார்: குடியிருப்பவர் எவருமில்லை.

அந்தச் சீட்டு கையில் இருக்கிற வரைக்கும் எவனும் நம்மை எழும்பச் சொல்ல முடியாது என்றார் அப்பா. உண்மைதான். என்னை எவனும் சொல்லவில்லை. நானாகத்தான் எழும்பி வந்தேன்.